பொதுஜன அபிப்பிராயத்தை உணர்த்திய லட்சுமிநரசு செட்டியார்

குடிகளின் எண்ணத்தை அறியாது ஆளும் அரசு, விளக்கின்றி இருளில் வழி நடப்பவனை ஒக்கும். ஆயினும் அவ்வெண்ணத்தை அறிவது எளிதன்று. தேர்தற்காலங்களில் நம் மீஞ்சூர்க் கடைத்தெருவிலே சிலர் தாளும் எழுதுகோலுமாய் நின்று, எவருக்கு வாக்களிப்பீர் என வினவுதல் உண்டு. விடை கூறுவோர் சிலர். இருபுறமும் நோக்கிவிட்டு வாய் திறவாது செல்வோர் பலர். அம் மௌனத்தை எங்ஙனம் கணக்கிடுவது? இவ்வினாவை அந்நாளைய சென்னை இராஜதானியில் தம் வாழ்க்கையாலேயே ஆராய்ந்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இங்குச் சுருக்கி உரைப்பாம்.

காஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டில் சென்னையில் வணிகர் குடியில் தோன்றினார். வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அரசியலில் அவரைப் புகுத்தியது நூற்பயிற்சியன்று. தம் சமயத்திற்கு ஊறு நேருமோ என்ற அச்சமே. கும்பினி உத்தியோகஸ்தர் சிலர் பாதிரிமார்க்குத் துணைநின்றதும், அரசாங்கக் கல்வியில் விவிலியத்தைப் புகுத்த முயன்றதும் அவர் உள்ளத்தைச் சுட்டன. 1844-இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி, எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரை அதன் ஆசிரியராக அமர்த்தினார். 1846-இல் பன்னீராயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று கும்பினியின் இயக்குநர்க்கு அனுப்பப்பட்டது. மிஷன் கல்லூரியொன்றின் மலரில் மிஷன்களை எதிர்த்தவர் புகழ் கூறுதல் தகுமோ எனின், தகும். மாற்றார் கருத்தையும் நேர்மையுடன் அளந்தறிதலே கல்வியின் பயனன்றோ?

எனினும், பன்னீராயிரம் கையொப்பங்கள் யாருடையவை என்று வினவுதல் வேண்டும். கேட்கப்பட்டோரும், எழுத வல்லோரும், அஞ்சாதோரும் இட்டவை அவை. தொகை பெரிதாயின் உண்மையும் பெரிதாகும் என்பது மயக்கம். 1936-இல் அமெரிக்க நாட்டில் ஒரு வாரப்பத்திரிகை இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பிழைபடக் கணித்தது. அதனினும் மிகச் சிலரையே, பலவகை மாந்தரும் அமையத் தேர்ந்து வினவிய காலப் என்பவரோ வெல்பவர் ரூஸ்வெல்ட் எனச் சரியாகக் கூறினார்.

செட்டியார் இக்கணித நூலை அறியார். ஆயினும் விடுபட்டோர் யாவர் என்பதைக் காலப்போக்கில் உணர்ந்தார். 1852-இல் அவர் முன்னின்று நிறுவிய சென்னைச் சுதேசி சங்கம், பாராளுமன்றத்திற்கு விடுத்த விண்ணப்பத்தில் நிலவரியின் கடுமையையும், நெசவாளர் முதலிய தொழிலாளர்மேல் விதித்த மொகதர்பா வரியையும் எடுத்துரைத்தது. கோயிற்கவலையில் தொடங்கிய கொள்கை உழவன் வயலை எட்டிற்று. அச்சங்கத்தார் பெரும்பாலும் பட்டணத்துச் செல்வரே. அஃது ஒரு குறையே. அடுத்த ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவருடன் ஜில்லாக்களிற் சுற்றி, குடியானவர் வாய்மொழியை நேரே கேட்கச் செய்தார்.

ஆங்கே வெளிப்பட்டது கொடிது. வரி செலுத்தாதான் விரல்களை இரு கோல்களுக்கிடையே நெரித்தனர், இது கிட்டி. கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணித்துக் குனிந்தவாறே வெயிலில் நிறுத்தினர், இஃது அண்ணாந்தாள். வரி தண்டுவாரும் போலீசாரும் பெரும்பாலும் ஒருவரே யாதலின், முறையிட வேண்டியவன் தன்னை வதைத்தவனிடமே முறையிட வேண்டியிருந்தது. அவன் மௌனத்தை மனநிறைவென மேலதிகாரிகள் கருதினர்.

1854-இல் சீமோர் இதனைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். அவ்வாண்டே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட விசாரணைக்குழு சென்னையில் அமைக்கப்பட்டது. முறையீடுகளைத் தம்மிடமே நேரிற் கூறலாம் என அவர்கள் அறிவித்தவுடன், 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் எழுதி அனுப்பினர். கொடுமை உண்மையே என 1855-இல் குழு அறிக்கையிட்டது. இலண்டனிலிருந்த கார்ல் மார்க்ஸ் 1857-இல் அதனைப்பற்றி அமெரிக்கப் பத்திரிகையொன்றில் எழுதினார். 1859-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைப் போலீசை வரித்துறையினின்றும் பிரித்தது.

அந்த 1,959 பேர் பன்னீராயிரவரினும் சிலரே. ஆயின் இதற்குமுன் எவரும் வினவாதவர் அவர். வினவிய இடமோ அச்சம் குறைந்த இடம். எனவே அவர்தம் சொல்லுக்கு எடை மிகுந்தது. வழித்தொலைவாலும் வறுமையாலும் வாராதவர் எத்துணையரோ!

செட்டியார் 1860-களில் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். பொதுப்பணியிலும் வாணிக வீழ்ச்சியிலும் செல்வம் கரைய, வறுமையுற்று 1868-இல் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்களே! அத்திப்பட்டு, எண்ணூர்த் தொழிற்சாலைகளிலே வேற்று மாநிலத்திலிருந்து வந்து உழைப்போர் பலர்க்கு ஈண்டு வாக்கில்லை. அவர் கருத்தை வினவுவாரும் அரியர். நாளை நீவிர் பிறர் கருத்தை அறியப் புகுவீராயின், எத்துணைபேர் விடையளித்தனர் என எண்ணுமுன், எவர் விடையளிக்க அஞ்சினர் என எண்ணுமின். லட்சுமிநரசு செட்டியார் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.