சாம்பல் நோயை ஆராய்ந்த குருவானவர்

பூசணி இலையில் சாம்பல் தூவியது போன்ற வெண்மை படர்ந்திருப்பதை நாம் பார்த்திருப்போம். இதுவே சாம்பல் நோய். இத்தகைய நோய்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி ஆவார்.

இவர் 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானார். கிங்ஸ் கிளிஃப் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 15 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம், வருமானமோ குறைவு. ஆகவே மாணவர்களுக்குப் பாடம் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். கிடைத்த ஓய்வு நேரத்தை நுண்ணோக்கியின் முன் கழித்தார்.

1845இல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அயர்லாந்து மக்கள் பசியால் மடிந்தனர். ஈரமான வானிலையே காரணம், பூஞ்சை பிறகு வந்து சேர்வது என்று அறிஞர் பலர் கருதினர். பூஞ்சையே காரணம் என்று 1846இல் பெர்க்லி எழுதினார். பலர் ஏற்கவில்லை. ஆயினும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1861இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி அவர் கூறியதே உண்மை என நிறுவினார்.

அதே 1845இல் மார்கேட் நகரில் டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக் கொடிகளில் வெள்ளைத் தூளைக் கண்டார். கந்தகமும் சுண்ணாம்பும் நீரில் கலந்து தெளித்து அதை அடக்கினார். 1847இல் பெர்க்லி அப்பூஞ்சையை விவரித்து, தோட்டக்காரரின் பெயரையே அதற்குச் சூட்டினார். எளிய உழைப்பாளியின் பெயர் அறிவியல் நூல்களில் ஏறியது!

இப்பூஞ்சை எவ்வாறு தாக்குகிறது? காற்றில் வரும் விதைத்தூள் இலைமேல் விழுந்து முளைக்கிறது. அதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. மெல்லிய இழைகள் இலையின்மேல் படர, உறிஞ்சு உறுப்புகள் மேல்தோல் செல்களுக்குள் புகுந்து உணவைக் கவர்கின்றன. ஆனால் செல்லை உடனே கொல்வதில்லை. உயிருள்ள செல்லே அதற்கு உணவளிக்கும். பின்பு இழைகளில் சரம் சரமாகப் புதிய விதைத்தூள் தோன்றிப் பரவுகிறது. தாக்குண்ட பிஞ்சுத் திராட்சையின் தோல் வளராமல் வெடித்துவிடும்.

1850களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை இந்நோய் பாழாக்கியபோது, கந்தகத் தூளே அவற்றைக் காத்தது. இன்றும் உழவர்கள் கந்தகத்தைப் பயன்படுத்துகின்றனர்.

பெர்க்லி 1879இல் தாம் சேர்த்த பூஞ்சைகளைக் கியூ தாவரத் தோட்டத்திற்கு வழங்கினார். 1889இல் இறைவனடி சேர்ந்தார்.

பிறர் நம்பாதபோதும் கண்ட உண்மையை விடாமல் பற்றினார்; தோட்டக்காரரின் உழைப்பையும் மறவாமல் போற்றினார். இவ்விரு பண்புகளையும் நாமும் பெறுவோமாக!