யார் இந்த எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை? பழைய நாட்களுக்குத் தேதி கண்டுபிடித்தவரின் கதை!

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் திரிசூலம். அங்குள்ள திரிசூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்னும் சில நிமிடங்களில் பரங்கிமலை. மலை உச்சியில் பழைய தேவாலயம். கல்வெட்டு வாசிப்பவருக்கும் பைபிள் வாசிப்பவருக்கும் ஒரே சந்தேகம் வரும். இது நடந்தது சரியாக என்றைக்கு?

நம்ம ஊர் கல்வெட்டுகளுக்கு அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி செய்தவர், லூயிஸ் டொமினிக் சாமிக்கண்ணு பிள்ளை.

அதிகாரி, கணக்கர், அவைத் தலைவர்

1865 பிப்ரவரி 11 அன்று பிறந்த தமிழ்க் கத்தோலிக்கர். சட்டம் படித்து, அரசுப் பணிக்கு வந்தவர். 1924-ல் சென்னை மாகாண சட்டசபைக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த முதல் நபர் அவர்தான். 1925 செப்டம்பர் 10 அன்று காலமானார்.

ஆனால் அவர் பெயரை இன்றும் வாழவைப்பது பதவி இல்லை, பஞ்சாங்கம். 1911-ல் இந்தியக் காலக்கணிப்பு பற்றிய நூலை வெளியிட்டார். 1922-ல் வந்த பல தொகுதிகளில், கி.பி. 700 முதல் 1799 வரையான திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் நாள்வாரியாக அட்டவணை போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 1,100 ஆண்டுகளுக்கு!

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

கல்வெட்டில் கி.பி. எல்லாம் இருக்காது. மன்னரின் ஆட்சியாண்டு, மாதம், திதி, நட்சத்திரம், கிழமை இருக்கும். ஒரு குறிப்பிட்ட மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திதி ஆண்டுக்கு ஒருமுறை வரும். அது திங்கட்கிழமையும் ஆக வேண்டும் என்றால், சராசரியாக ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான். நட்சத்திரமும் பொருந்தணும் என்றால் பட்டியல் இன்னும் சுருங்கும். மிச்சமுள்ள ஆண்டுகளில், அந்த மன்னர் ஆண்ட காலத்துக்குள் எது விழுகிறது என்று பார்த்தால் போதும். சோழ, பாண்டிய மன்னர்கள் எப்போது பட்டத்துக்கு வந்தார்கள் என்பதை இப்படித்தான் பின்னோக்கி எண்ணினார்கள்.

பைபிளிலும் இதே வழி

யூத மாதமும் நிலாவைப் பார்த்துத்தான் நகர்கிறது. 354 நாள் சந்திர ஆண்டு பின்தங்காமல் இருக்க, நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவது போல அங்கேயும் 19 ஆண்டில் 7 முறை கூடுதல் மாதம் வரும். யோவான் நற்செய்திப்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டது நிசான் மாதம் 14-ம் நாள். அதாவது பௌர்ணமியை ஒட்டிய நாள், வெள்ளிக்கிழமை. பிலாத்து ஆளுநராக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. கணக்குப் போட்டால் முக்கியமாக நிற்பவை இரண்டு: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. ஐசக் நியூட்டனும் இந்தக் கணக்கில் இறங்கினார்; அவர் தேர்ந்தெடுத்தது கி.பி. 34.

ஏன் இவ்வளவு குழப்பம்? அந்தக் காலத்தில் பிறை கண்ணுக்குத் தெரிந்தால்தான் மாதம் பிறக்கும். ஒரு மாலை மேகம் மறைத்தாலே கிழமை மாறிவிடும்.

மதுரை எரிந்த வெள்ளிக்கிழமை

சாமிக்கண்ணு பிள்ளைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை சிக்கியது. ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை: சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும் நாள் இது. அவர் கணக்கில் கிடைத்த விடை கி.பி. 756.

இங்கேதான் சர்ச்சை வெடித்தது. காப்பியத்தில் இலங்கை மன்னன் கயவாகு வருகிறான். அவனை 2-ம் நூற்றாண்டு மன்னனாகக் கொண்ட வி.ஆர். ராமச்சந்திர தீட்சிதர் போன்றவர்கள் 756-ஐ ஏற்கவில்லை. காப்பியத்தின் வயதே 600 ஆண்டு முன்பின் ஆகிறது என்றால் சும்மா விடுவார்களா?

தப்பு எங்கே? கூட்டல் கழித்தலில் இல்லை. கல்வெட்டு, நடந்த நாளைப் பதிவு செய்ய வெட்டியது. காப்பியத்தில் வரும் நாள், கவிஞர் கதைக்காக வைத்ததாகவும் இருக்கலாம். நிலா பொய் சொல்லாது. ஆனால் எந்த ஆண்டு நிலா என்று அது தானாகச் சொல்லவும் சொல்லாது.

அதனால்தான் சிலப்பதிகாரத்துக்கு அவர் சொன்ன தேதி கேள்விக்குள்ளானது; கல்வெட்டு ஆய்வாளர்களின் மேஜையில் அவரது அட்டவணை மட்டும் நிலைத்துவிட்டது.