தொழிலாளரின் தமக்கை

நுழையும்முன்
முதலாளியிடம் தனியே சென்று கூலி பேசும் தொழிலாளி, பெரும்பாலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்று பேசினால், அப்பேச்சு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிறது. இந்தியத் தொழிலாளர்க்கு இவ்வழியைக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் அனசூயா சாராபாய்.

இளமையும் கல்வியும்
அனசூயா 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அகமதாபாத் நகரில், செல்வம் மிக்க ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் பெற்றோரை இழந்தார். பதின்மூன்று வயதில் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. பிறந்த வீட்டிற்கே திரும்பினார். தம்பி அம்பாலாலின் உதவியால் 1912இல் இலண்டன் சென்று மருத்துவம் பயிலத் தொடங்கினார். உயிரினங்களை அறுத்துப் பயில்வது தம் சமண நெறிக்கு ஒவ்வாததால், சமூகவியல் சார்ந்த படிப்புக்கு மாறினார். பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடியதையும் அங்கே நேரில் கண்டார்.

திருப்பம்
1913இல் தாயகம் திரும்பியவர், தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒருநாள் காலையில் பெண்கள் சிலர் தள்ளாடியபடி நடந்து செல்வதைக் கண்டு காரணம் கேட்டார். 36 மணி நேரம் இடைவிடாது வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். அவர்களை வாட்டியது தம் குடும்பமும் சார்ந்திருந்த ஆலைத்தொழில் என்பதை உணர்ந்த அனசூயா, அன்றுமுதல் தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிலாளர்கள் அவரை ‘மோட்டாபென்’, அதாவது அக்கா, என்று அன்போடு அழைத்தனர்.

தமக்கையும் தம்பியும்
1917இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர்கள் ஊரைவிட்டு வெளியேறாதிருக்க, ஆலை அதிபர்கள் அவர்களுக்குத் தனி ஊக்கத்தொகை வழங்கினர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். உலகப்போரால் விலைவாசி ஏறியிருந்த காலம் அது. நெசவாளர்கள் 50 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். அதிபர்கள் 20 விழுக்காடு தருவதாகக் கூறினர். இரு தரப்பு நிலையையும் ஆராய்ந்த காந்தியடிகள், வல்லபாய் படேல், சங்கர்லால் பாங்கர், அனசூயா ஆகியோர் 35 விழுக்காடே நியாயமானது என முடிவு செய்தனர். எதிர்த்தரப்பில் அதிபர்களுக்குத் தலைமை ஏற்றவர், தமக்கையைப் படிக்க அனுப்பிய அதே அம்பாலால்.

1918 பிப்ரவரி 22இல் ஆலைக்கதவுகள் அடைக்கப்பட்டன. தொழிலாளர்கள் நாள்தோறும் சபர்மதி ஆற்றங்கரையில் மரநிழலில் கூடி, 35 விழுக்காடு பெறாமல் திரும்புவதில்லை என்ற உறுதியைப் புதுப்பித்தனர். அனசூயாவின் பெயரில் துண்டறிக்கைகள் வெளிவந்தன.

மார்ச் 12இல் அதிபர்கள் கதவைத் திறந்தனர். 20 விழுக்காட்டை ஏற்போர் உள்ளே வரலாம் என்றனர். ஒவ்வொரு தொழிலாளியும் தன் வீட்டுப் பசியைத் தானே எடைபோட வேண்டிய வேளை அது. சிலர் உள்ளே சென்றால் வெளியே நிற்பவர் வலிமை குன்றும். மகிழுந்தில் வந்து செல்லும் தலைவர்களுக்குப் பட்டினியின் துயர் தெரியுமா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அது காந்தியடிகளின் நெஞ்சைத் தைத்தது. மார்ச் 15இல் அவர் உண்ணாநோன்பு மேற்கொண்டார். தளர்ந்திருந்த தொழிலாளர்கள் மீண்டும் உறுதிபெற்றனர்.

மார்ச் 18இல் உடன்பாடு பிறந்தது. கூலியை நடுவர் முடிவு செய்வதென இரு தரப்பினரும் ஏற்றனர். நடுவரான ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 விழுக்காடே உரியது எனத் தீர்ப்பளித்தார். தனித்தனியே உள்ளே சென்றிருந்தால் 20 விழுக்காட்டோடு முடிந்திருக்கும் கூலி, ஒன்றாக நின்றதால் உயர்ந்தது.

நிலைத்த பயன்
1920இல் அனசூயாவின் முயற்சியால் ‘மஜூர் மகாஜன்’ என்னும் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன்பின் கூலி, வேலைநேரம் குறித்த பூசல்களை இரு தரப்புப் பிரதிநிதிகளும் சமமாக அமர்ந்து பேசித் தீர்க்கும் முறை வளர்ந்தது. இச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்தே, அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களுக்கான ‘சேவா’ சங்கம் 1972இல் இலா பட் அவர்களின் முயற்சியால் தோன்றியது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் அனசூயா மறைந்தார்.

தம்பியின் அன்பை அவர் மறக்கவில்லை. ஆயினும் அந்த அன்புக்காக நியாயத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. உறவும் அறமும் எதிரெதிரே நின்ற வேளையில் அறத்தின் பக்கம் நின்றதே அவர்தம் வாழ்வின் பெருமை.