எந்திரமே ஏடாகக் கற்ற ஜி. டி. நாயுடு

கற்கத் தகுவன யாவும் ஏட்டின்கண் மட்டுமே அடங்கியுள்ளன என்று எண்ணுவோர் நம்மிற் பலர். எழுத்தும் சொல்லும் பொருளும் கற்பித்தலையே பிழைப்பாகக் கொண்ட யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இரும்பைத் தொட்டும் எண்ணெயில் தோய்ந்தும் அறிவு பெற்ற ஒருவரது வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அதனை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க உரைக்கின்றேன்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் கோபாலசாமி நாயுடு என்னும் உழவர்க்கு மகனாகத் தோன்றியவர் துரைசாமி. ஜி. டி. நாயுடு என உலகம் பின்னர் அறிந்தவர் இவரே. இளமையிலேயே அன்னையை இழந்தார். பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவரும் பள்ளிக்கூடத்தை விரும்பவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஊரார் கண்ணுக்கு அவர் வழிதவறிய பிள்ளையாகவே தோன்றியிருப்பார்.

இங்ஙனம் இருக்குநாளில், லங்காஷயர் என்னும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளை அவ்விளைஞர் கண்டார். மாடும் இன்றிக் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அவருள்ளத்தைக் கவர்ந்தது. அதனைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் அவா மேலிட்டது. கையிற் காசில்லை. கோயமுத்தூர் சென்று ஓர் உணவு விடுதியிற் பரிமாறும் வேலையில் அமர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்துப் பொருள் சேர்த்தார். பின்னர் அவ்வதிகாரியிடமிருந்தே அந்த ரட்ஜ் வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார் என்ப.

மற்றொருவராயின் அதன்மீதேறி ஊர் சுற்றி மகிழ்ந்திருப்பர். இவரோ அதனைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பும் எதன்பொருட்டு உளது என ஆராய்ந்தார். மீண்டும் பூட்டி ஓடச் செய்தார். கற்பித்தற்கு ஆசானும் இல்லை. படித்தற்கு நூலும் இல்லை. எந்திரமே ஏடாயிற்று.

அக்காலத்து மோட்டார் சைக்கிளைக் காத்தல் எளிதன்று. எண்ணெய் தானே சுற்றி வந்து மீளும் அமைப்பு அன்று பெரும்பாலும் இல்லை. ஏறிச் செல்வோர் சில கல் தொலைவுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்தித் தாமே எண்ணெய் செலுத்துதல் வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். மிகுந்தால் புகை கக்கிப் பிளக்கில் கரிபடிந்து வண்டி நின்றுவிடும். இவ்வளவறிதல் நம் பகுதியார்க்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டுங்கால், குறையின் தோல் காய்ந்து வெடித்தலையும் மிகின் பிசுபிசுத்து விலை குன்றுதலையும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அறியாதார் யார்? மாட்டுவண்டி அச்சுக்கு வண்டி மை இடாது பாரம் ஏற்றிய உழவன் வழியில் நின்று வருந்துதலும் நாம் கண்டதே.

நாயுடு அவர்கள் சில காலம் பஞ்சு வாணிகத்தில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார்; பம்பாய் சென்று ஈட்டியதை இழந்தும் வந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. கோயமுத்தூரில் தொழில்கள் பல நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவி பெற்று, 1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்தினை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொன்று பலவாய்ப் பெருகி யூ. எம். எஸ். என வழங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேர்வது அவ்வண்டிகளின் இயல்பு என மக்கள் போற்றினர்.

குறித்த நேரத்திற்கு ஓடும் வண்டி, ஒழுங்காகப் பேணப்பட்ட எந்திரத்தையுடைய வண்டியே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். நெடுநாள் ஓடிய எந்திரத்தில் சிலிண்டரின் வட்டம் தேய்ந்து கோணும். பிஸ்டன் வளையங்கள் தளரும். எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகையாக வெளிப்படும். அந்நாளைய எந்திரங்களிற் பலவற்றுக்குப் பேரிங் என்பது வெள்ளீயங் கலந்த மெல்லிய உலோகத்தை உருக்கி வார்த்து, கையாற் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தப் பெறுவதாகும். சுழலும் தண்டுக்கும் அப்பேரிங்கிற்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப்படலம் ஒன்று உளது. இரும்பு இரும்பைத் தீண்டாமற் காப்பது அதுவே. அப்படலம் ஒருகணம் அறுந்தால் உலோகம் உருகும், எந்திரம் பாழாகும். உதிரி உறுப்புகள் கடல் கடந்து வரவேண்டிய அந்நாளில், உள்ளதைப் பிரித்துச் செப்பனிட்டுப் புதிதாக்கும் கைத்திறனே மோட்டார்த் தொழிலுக்கு உயிர்நிலையாக இருந்தது.

பேருந்தோடு அவர்தம் முயற்சி நிற்கவில்லை. ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று ஆங்காங்குள்ள ஆலைகளைக் கண்டார். சிறு மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவி ஒன்றனை ஆக்கி ராசந்த் எனப் பெயரிட்டார். 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடு முதலியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின்சார மோட்டாரே இந்நாட்டில் இயற்றப்பெற்ற முதல் மோட்டார் எனக் கூறுவர். உழவிலும் சித்த மருத்துவத்திலும் அவர் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் தனியே விரித்தற்குரியன.

கைத்தொழிற் கல்வி ஊரெங்கும் பரவ வேண்டும் என்பது அவரது நெடுநாள் வேட்கை. 1945ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் தொழிற்கல்லூரி தோன்றுதற்கு அவர் முன்னின்றார். அதுவே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. ஆண்டுகள் பலவற்றைப் படிப்பிற் கழித்தல் வேண்டா, பட்டறையிற் பழகின் குறுகிய காலத்திலேயே பொறியியல் கைவரும் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்கு இசையவில்லை, அவர் விலகினார். 1952ஆம் ஆண்டில் எளியோரும் வாங்கத்தக்க இருவர் அமரும் சிறு மோட்டார் வண்டி ஒன்றனை அமைத்தார். அதனை ஆக்கி விற்கவும் இசைவு கிடைக்கவில்லை. இத்தடைகள் அவரை வருத்தினவேயன்றி முடக்கவில்லை. 1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் இவ்வுலகு நீத்தார். அவர் குடும்பத்தினரது அறநிலையம் பழைய மோட்டார் வண்டிகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் திறந்த காட்சிச்சாலையைக் கோயமுத்தூர் செல்வோர் காணலாம்.

பழைய வண்டி காட்சிக்கு மட்டுமே உரியதோ எனின், அன்று. பழைய பந்தய வண்டிகளை இன்றும் செப்பனிட்டு ஓடுகளத்தில் ஓட்டுவோர் உலகெங்கும் உளர். நம் நாட்டிலும் சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. 1990ஆம் ஆண்டு முதல், வேலூரிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுகளம் உளது. அங்ஙனம் ஓட்டுவோர்க்கும் முதற்கவலை எண்ணெயே. விரைந்து வளைவில் திரும்புங்கால் அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கும், பம்பு எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சும், பேரிங் கருகும். அதனால் தொட்டியுள் தடுப்புத் தகடுகள் அமைப்பர். இந்நாளைய எண்ணெய்கள் பலவற்றில், புகைப்போக்கியிலுள்ள மாசகற்றும் கருவியைக் காத்தற்பொருட்டுத் துத்தநாகமும் பாஸ்பரமும் சேர்ந்த கலவையைக் குறைத்துவிட்டனர். பழைய எந்திரத்தின் கேம் தண்டுக்கோ அதுவே கவசம். ஆதலின் புதியதெல்லாம் நன்றெனக் கொள்ளாது, எந்திரத்தின் இயல்பறிந்தே எண்ணெய் வார்த்தல் வேண்டும். முற்காலத்துப் பந்தய வண்டிகட்கு நம் வீட்டு ஆமணக்கெண்ணெய் சிறந்ததாக இருந்தது. அது கடுஞ்சூட்டிலும் உலோகத்தைப் பற்றி நிற்கும். ஆனால் நாளடைவிற் பிசினாகி அடைத்துக்கொள்ளுமாதலின் எந்திரத்தை அடிக்கடி பிரித்துத் துடைப்பர். இவற்றுள் எதுவும் பிரித்துப் பார்த்தறியாதார்க்கு விளங்குவதன்று.

இனி என் குறை ஒன்றனையும் மறையாது கூறுவேன். பல்லாண்டுகட்கு முன் என் வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். புணர்ச்சி விதி அவனுக்கு ஏறவில்லை. விரல்நகங்களில் எப்போதும் கரிய எண்ணெய் படிந்திருக்கும். மாலைதோறும் மோட்டார்ப் பட்டறைக்குச் செல்கிறான் என அறிந்து, உருப்படமாட்டாய் என்று பலர்முன் வைதேன். அவன் பள்ளியை விட்டுச் சென்றான். சென்ற ஆண்டு என் பழைய மோட்டார் சைக்கிள் நடுவழியில் இறுகி நின்றது. தள்ளிச்சென்ற பட்டறையின் உரிமையாளன் அவனே. ஐயா என்று எழுந்து நின்று வரவேற்றான். எந்திரத்தைப் பிரித்து, கீறல் விழுந்த பிஸ்டனை என் கையில் தந்து, எண்ணெய் வற்றியதை யான் பாராது விட்டதே காரணமென மெல்ல உணர்த்தினான். யான் சொன்ன கடுஞ்சொல்லை அவன் நினைவூட்டவில்லை. எனக்கே நினைவுக்கு வந்தது. அன்று அவன் ஆசான், யான் மாணாக்கன்.

தோலைத் தொட்டுப் பிழைத்த நம் பகுதியிலேயே, கையில் அழுக்குப் படியும் தொழில் இழிவென எண்ணும் வழக்கம் பெருகிவருகின்றது. பெற்றோர்களே, நும் மகன் கடிகாரத்தையோ மிதிவண்டியையோ பிரித்துப் போட்டானாயின் உடனே கையை ஓங்காதீர். அவன் மீண்டும் பூட்டுகின்றானா எனச் சற்றே பொறுத்துப் பாருங்கள். சங்கத்துப் பெரியோர்களே, கல்லூரி மாணவர்க்கு வழங்கும் உதவியில் ஒரு பகுதியைத் தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகட்கும் வழங்குவதனை எண்ணிப்பாருங்கள். கலங்கல் ஊரில் படிப்பை விட்ட சிறுவன் ஒருவனை எந்திரமே ஆளாக்கிற்று. அத்தகையோர் நம் தெருவிலும் இருத்தல் கூடும். அவர்களை இனங்காணாது வைது விரட்டும் பிழையை யான் செய்தேன், நீவிர் செய்யாதிருப்பீராக.