நாகசோனே கொத்தெத்சு

நாகசோனே கொத்தெத்சு (இறப்பு: ஏறத்தாழ 1678) எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த புகழ்பெற்ற ஜப்பானிய வாட்கொல்லர் ஆவார். ஒக்கிசாத்தோ எனவும் அறியப்பட்டார். தொடக்கத்தில் போர்க்கவசங்கள் செய்துவந்த இவர், நடுவயதைக் கடந்த பின்னரே வாள் வடிக்கத் தொடங்கினார்.

இவரது வாட்களின் கூர்மை பெரிதும் போற்றப்பட்டதால், ஜப்பானில் மிகுதியாகப் போலி செய்யப்பட்ட கையொப்பங்களுள் இவருடையதும் ஒன்றாயிற்று. கையொப்பம் வாளின் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் உளியால் வெட்டப்படும். இவர் முதலில் பழைய இரும்பு எனப் பொருள்படும் எழுத்துக்களால் தம் பெயரைப் பொறித்தார். பின்னர் அதே ஒலியுடைய புலி என்னும் எழுத்துக்கு மாறினார். 1664இல் அவ்வெழுத்தின் வடிவத்தையும் மாற்றினார். ஆகவே வாளில் குறித்த ஆண்டுக்கு எழுத்து வடிவம் பொருந்தாவிடின் ஐயம் எழும். பழைய துருவை அறுத்துச் செல்லும் உளிவெட்டும் பிற்காலச் சேர்க்கையைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தை நன்கு பின்பற்றியவர்களும் உண்டு. எனினும் செபமாலை மணிகள்போல் வரிசையாகத் தோன்றும் இவரது வெப்பப்பதக் கோலத்தைப் பின்பற்றுவது கடினம். எனவே வல்லுநர்கள் கையொப்பத்துக்கு முன் அலகையே பார்க்கின்றனர்.

சின்சென்குமி படைத்தலைவர் கொண்டோ இசாமி (1834-1868) வைத்திருந்ததாகக் கூறப்படும் கொத்தெத்சு வாளும் போலியே எனப் பலர் கருதுகின்றனர்.