மணலுக்குள் ஓடும் நீரை அளந்தவர்

இறைத்து முடித்த கிணறு ஒன்றில் நான்கு மணி நேரத்தில் நீர் ஊறிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அதே அளவு ஊற ஒரு நாள் முழுக்க ஆகிறது. ஏன் இந்த வேறுபாடு? மண்ணுக்குள் நீர் எந்தக் கணக்கில் நகர்கிறது என்பதை முதன்முதலில் அளந்து எழுதி வைத்தவர் ஹென்றி டார்சி. பிரான்ஸ் நாட்டுப் பொறியாளரான இவருடைய விதிதான் இன்றும் நிலத்தடி நீர் ஆய்வுக்கும் வடிகால் அமைப்புக்கும் அடிப்படை.

டார்சி 1803 ஜூன் 10 அன்று டிஜோன் நகரில் பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார். மகன்களின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதில் தாய் உறுதியாக இருந்தார். பாரீசில் பொறியியல் படித்து முடித்த டார்சி, அரசுப் பொறியாளராகச் சொந்த ஊருக்கே திரும்பினார்.

அப்போது டிஜோனில் நல்ல குடிநீர் கிடையாது. வீட்டுக் கிணறுகளில் சாக்கடை நீர் கலந்திருந்தது. ஆழமாகத் துளையிட்டு நீர் எடுக்கும் முயற்சியிலும் ஊர்த் தேவைக்குப் போதுமான நீர் கிடைக்கவில்லை. டார்சி வேறு வழி தேடினார். நகருக்கு வெளியே ரோசுவார் என்ற இயற்கை ஊற்று இருந்தது. அதன் நீரை, மூடிய கால்வாய் அமைத்து, 12.7 கிலோமீட்டர் தூரம் கொண்டுவரத் திட்டமிட்டார். இயந்திரம் எதுவும் இல்லை. நில வாட்டத்திலேயே நீர் வந்து சேர வேண்டும். 1840இல் நகருக்குத் தண்ணீர் வந்தது. பிறகு தெருக்கள்தோறும் குழாய் பதித்து, பொதுக் குழாயடிகள் அமைத்தார்கள்.

இந்த வேலைக்குச் சேர வேண்டிய கட்டணத்தை டார்சி வாங்க மறுத்துவிட்டார். நகர மன்றம் கொடுத்த தங்கப் பதக்கத்தையும், வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கு இலவசத் தண்ணீர் என்ற சலுகையையும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

1848 புரட்சிக்குப் பின் அரசியல் காரணங்களால் அவரை டிஜோனிலிருந்து மாற்றினார்கள். பாரீசில் நீர் விநியோகப் பொறுப்பில் பணியாற்றினார். உடல்நலம் கெட்டதால் 1855இல் பொறுப்புகளிலிருந்து விலகி, எஞ்சிய காலத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார்.

மணல் நிரப்பிய குழாய்

நகரங்களின் குடிநீரை வடிகட்ட மணல் தொட்டிகளைப் பயன்படுத்திய காலம் அது. எவ்வளவு நீருக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. டிஜோன் மருத்துவமனையில், ஆள் உயரத்தை மிஞ்சிய இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் மணல் நிரப்பி, நீரைச் செலுத்தி, கீழே வரும் அளவை டார்சி அளந்தார்.

கிடைத்த முடிவு எளிமையானது. நீர்மட்ட வேறுபாடு இரு மடங்கானால், வரும் நீரும் இரு மடங்காகிறது. மணல் அடுக்கின் நீளம் இரு மடங்கானால், வரும் நீர் பாதியாகிறது. குழாயின் குறுக்குப் பரப்பு கூடினால் அதற்கேற்ப நீரும் கூடுகிறது. இவற்றோடு, மணலுக்கு உரிய கசிவுத்திறனும் சேர்கிறது. பருமணலில் நீர் விரைந்து போகும். நுண்மணலில் மெல்லப் போகும். அதே வாட்டத்தில், மணலில் ஒரு நாளில் பல மீட்டர் நகரும் நீர், கட்டிக் களிமண்ணில் ஒரு சென்டிமீட்டர்கூட நகராது.

டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டம் பற்றி 1856இல் வெளியிட்ட பெரிய நூலின் பின்னிணைப்பில் இந்த விதியை டார்சி சேர்த்தார். இரண்டாண்டுகூட ஆகாத நிலையில், 1858 ஜனவரி 3 அன்று காலமானார். வயது 54. டிஜோன் நகரம் தன் சதுக்கம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அந்த விதியைக் கிணறுகளுக்குப் பொருத்திக் காட்டியவர் இன்னொரு பிரெஞ்சுப் பொறியாளரான டூப்யூயி, ஆண்டு 1863.

நம் வயலுக்கு என்ன பயன்?

நெல் வயலில் சேற்றுழவு செய்வது மண்ணின் கசிவுத்திறனைக் குறைக்கத்தான். சேறு படிந்து பெரிய துளைகள் அடைபடுவதால் நீர் கீழே இறங்காமல் நிற்கிறது. வயலில் நமக்கு நன்மை தரும் இதே வேலை, நீர் செறிவூட்டும் குழியில் நடந்தால் கேடு. மேல் மணலில் வண்டல் படிந்துவிட்டால், எவ்வளவு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. ஆகவே ஆண்டுதோறும் மழைக்கு முன் மேல் மணலை அள்ளி, கழுவிப் போடுங்கள். கசிவுநீர்க் குட்டையில் படிந்த வண்டலையும் கோடையில் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது மோட்டார். கூடுதல் குதிரைத்திறன் உள்ள மோட்டார் போட்டால் கிணற்று மட்டம் சீக்கிரம் இறங்கும். வாட்டம் கூடுவதால் முதலில் சற்றுக் கூடுதலாக நீர் வரும். ஆனால் மட்டம் இறங்க இறங்க, நீர் உள்ளே நுழையும் அடுக்கின் கனமும் குறைகிறது. பக்கத்துக் கிணற்றின் மட்டமும் சேர்ந்து இறங்கலாம். மண் விடுவிக்கும் அளவுக்கு மேல் எந்த மோட்டாராலும் தொடர்ந்து எடுக்க முடியாது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மண்ணிலும் சிதைந்த பாறை அடுக்கிலும் டார்சியின் கணக்கு நன்றாகப் பொருந்தும். கீழே உள்ள பாறை வெடிப்புகளில் அப்படியே பொருந்தாது. எனவே உங்கள் கிணற்றை நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. மோட்டாரை நிறுத்தியதும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு ஒருமுறை எவ்வளவு உயர்கிறது என்று எழுதுங்கள். தை மாதம் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை அளந்தால் போதும். கோடைப் பயிரை எத்தனை ஏக்கரில் வைக்கலாம் என்பதை அந்த ஊறும் அளவை வைத்து முடிவு செய்யுங்கள்.