அறிஞர் ஜான் வான் நியூமன்

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஜான் வான் நியூமன். அவருக்குக் கணிதத்தில் பேரார்வம். கணிதம் சோறு போடாது என்று அஞ்சிய தந்தை, வேதியியல் பொறியியல் படிக்கச் சொன்னார். மகனோ இரண்டையும் கற்றுத் தேர்ந்தார்!

1927-ஆம் ஆண்டு, தம் 23-ஆம் வயதில், அணுவுலகைப் பற்றி நாம் அறியாதது எவ்வளவு என்பதை எண்ணால் அளக்க ஒரு சூத்திரம் தந்தார். அதுவே இன்று வான் நியூமன் என்ட்ரோபி எனப்படுகிறது.

பின்னர் அமெரிக்கா சென்று, 1933 முதல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தில் பேராசிரியராக விளங்கினார். 1945-இல் கணிப்பொறியின் அமைப்பை விளக்கி அவர் எழுதிய அறிக்கை உலகப்புகழ் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியில் வீசப்பட்ட அணுகுண்டின் அமைப்பிலும் அவருடைய கணக்குகள் பயன்பட்டன. அந்நகரின் உராகாமிப் பேராலயமும் அன்று இடிந்து வீழ்ந்தது.

1955-இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. இளமையில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றும் சமயத்தில் நாட்டமின்றி வாழ்ந்த அவர், மரண பயம் வாட்டவே குருவானவரை அழைத்து இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்றார். 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் வாஷிங்டனில் காலமானார்.

அவர் மறைந்தாலும் அவருடைய சூத்திரம் மறையவில்லை. நீர் குளிர்ந்து பனிக்கட்டியாவது வெப்பத்தால் நிகழும் நிலைமாற்றம். ஆனால், மைனஸ் 273 டிகிரியை நெருங்கும் கடுங்குளிரிலும், காந்தப்புலத்தை மாற்றினால் சில பொருள்கள் நிலை மாறுகின்றன. இதுவே குவாண்டம் நிலைமாற்றம். அப்பொருள்களின் அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே முழுமையை நன்கு அறிந்திருந்தாலும், ஒரு பகுதியைத் தனியே பார்த்தால் அதன் நிலை தெளிவாகாது. அந்தத் தெளிவின்மையை வான் நியூமன் சூத்திரம் அளக்கிறது.

2003-இல் விதால், லட்டோரே, ரிகோ, கிட்டாயெவ் ஆகிய நால்வர், வரிசையாக நிற்கும் காந்த அணுக்களுக்கு இச்சூத்திரத்தைப் பயன்படுத்தினர். பிரித்தெடுத்த பகுதி எவ்வளவு நீண்டாலும் அதன் என்ட்ரோபி ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. நிலை மாறும் புள்ளியில் மட்டும் நில்லாமல் மெல்ல மெல்ல வளர்கிறது. மருத்துவர் நாடி பிடித்து நோயை அறிவதுபோல், இவ்வளர்ச்சியைக் கண்டு நிலைமாற்றத்தை அறியலாம்.

ஒரே மனிதரின் அறிவு ஒரு நகரின் அழிவுக்கும் துணை போயிற்று. இயற்கையின் மறைபொருளைக் காணவும் விளக்காயிற்று. அறிவு இறைவன் அளித்த கொடை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பது நம் கடமை. தோழியரே, கற்போம், கற்றதை ஆக்கத்திற்கே பயன்படுத்துவோம்!